அர்ச்சுனன் எறிந்த சும்மாடு

வேதாசலம் விடுவது புளித்த ஏப்பம். சாதாரணப் புளிப்பில்லை. திருத்தணி சந்நிதித் தெருவில் பால் கடை வைத்திருந்த நாயுடுவைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். வேதாசலம் காலையில் அந்தக் கடைப் பக்கம் நின்று ஒரு ஏப்பம் விட்டானென்றால் மத்தியானத்துக்குள் அண்டாப் பால் தயிராகிவிடும். முதலில் நாயுடு சண்டைக்கு வந்தார். பிறகு யோசித்துப் பார்த்து, உறைமோர் வாங்குவதை நிறுத்திவிட்டு, அவன் வருகிற நேரத்துக்கு அண்டாவின் மூடியைத் திறந்து வைக்க ஆரம்பித்தார். இதை நம்பாதவர்கள் அந்தத் தயிரைச் சாப்பிடாதவர்கள். நான் சாப்பிட்டிருக்கிறேன். லேசாக மிளகு வாசனை அடிக்கும்.

ரயிலடியில் நடந்ததும் உண்மைதான். ரேணிகுண்டா போகிற வண்டி நின்றுகொண்டிருந்தது. இவன் பெஞ்சில் உட்கார்ந்து ஒரு நீள ஏப்பம் விட்டான். கார்டு ஊதிவிட்டார் என்று நினைத்து டிரைவர் வண்டியை எடுத்துவிட்டார். கார்டு பிளாட்பாரத்தில் டீ குடித்துக்கொண்டிருந்தார். அவர் பின்னாலேயே ஓடிப்போய் எந்த ஸ்டேஷனில் ஏறினார் என்பது எனக்குத் தெரியாது. தெரியாததை நான் சொல்வதில்லை.

இந்த வேதாசலம் என் தங்கை கன்னியம்மாளின் புருஷன். எங்கள் கூத்து ஜமாவில் அவன்தான் அர்ச்சுனன். நான் அதே ஜமாவில் கட்டியங்காரன். திரை விலகினதும் முதலில் வந்து கோணங்கி பண்ணி, ராஜா வருகிறார் பராக்கு என்று சொல்லிவிட்டு, ராஜாவையே கிண்டல் பண்ணுகிற ஆள். ஆள் போதாத ஜமாவானதால் மான், குரங்கு, பன்றி முதலானவையும் நான்தான்.

நான் சொல்லப்போவது இரண்டாம் உலக யுத்தம் முடிந்த மறு வருஷம் நடந்தது. திருத்தணி அப்போது சித்தூர் ஜில்லா. ஊரில் பாட்டெல்லாம் தமிழில் நடக்கும், வசவெல்லாம் தெலுங்கில் நடக்கும்.

வருஷா வருஷம் திரௌபதியம்மன் கோவிலில் பாரதம் வைப்பார்கள். அதில் பட்டப்பகலில் நடப்பது அர்ச்சுனன் தபசு. உயரமான பனைமரத்தைச் செதுக்கி நட்டு, ஏறுவதற்கு முளையடித்து, உச்சியில் ஒரு பலகை கட்டியிருப்பார்கள். சிவனிடம் பாசுபத அஸ்திரம் வாங்கப் போகிற அர்ச்சுனன், முளைக்கு ஒரு பாட்டாகப் பாடிக்கொண்டு ஏற வேண்டும். உச்சிக்குப் போய் எலுமிச்சம்பழமும் வில்வமும் விபூதியும் கீழே எறிவான். மரத்தடியில் பிள்ளை வரம் கேட்டு வந்த பெண்கள் ஈரப்புடவையோடு முந்தானையை ஏந்திக்கொண்டிருப்பார்கள். மடியில் என்ன விழுந்தாலும் வரம். ஆனால் பாட்டு நடுவில் அறுந்துவிட்டால் அந்த வருஷத்து வரம் எதுவும் செல்லாது என்பது ஊர் நம்பிக்கை.

முந்தின வருஷம் அறுந்துவிட்டது.

பாதி மரம் ஏறியிருந்தான். நெஞ்சில் எரிச்சல் கிளம்பி, புளித்த தண்ணீர் தொண்டைக்கு வந்தது. வாயை மூடிக்கொண்டு கண்ணையும் மூடிக்கொண்டான். ஜனங்கள் நிஷ்டை கூடிவிட்டது என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். வாயைத் திறந்தபோது கிழிந்த துருத்தியில் காற்றுப் போகிற மாதிரி ஒரு சத்தம்தான் வந்தது. அதோடு முடிந்தது. பழத்தை அங்கிருந்தே எறிந்துவிட்டு இறங்கிவிட்டான். கனகம்மாசத்திரத்திலிருந்து வந்திருந்த எல்லம்மாள் என்கிற பெண் ஈரப்புடவையைப் பிழிந்துகொண்டே எழுந்து கேட்டாள்:

"இன்னாய்யா, கீழ குந்தினு கீற எனக்கே கேக்கல. கைலாசத்துல கீற சிவனுக்கு எப்பிடிக் கேட்டிருக்கும்?"

ஜமாவுக்கு வாத்தியார் வீரபத்திரன். அதிகம் பேச மாட்டார். அன்றைக்கு வேஷம் கலைக்கும்போது பேசினார்.

"வேதாசலம், வர்ற வருசம் இன்னொரு தபா ஏறு. அப்பவும் பாட்டு நின்னுச்சுன்னா, ஆர்.கே.பேட்டை எல்லப்பன் மரம் ஏறுவான். நீ பீமனுக்குக் கதாயுதம் தூக்கினு வா."

ஆர்.கே.பேட்டை எல்லப்பன் தறிக்குழியில் உட்கார்ந்தபடியே தபசுப் பாட்டு முழுவதையும் பாடிப் பழகிக்கொண்டிருக்கிறான் என்று எங்களுக்குத் தெரியும். அவன் நெய்கிற லுங்கியில் கட்டமெல்லாம் தாளத்துக்கு விழுகிறது என்று பொதட்டூர்பேட்டை வியாபாரிகள் சொன்னார்கள். வேதாசலத்துக்கோ அந்த மரம்தான் எல்லாம். ஊரில் அவன் பேச்சை எருமைகூடக் கேட்காது. மரத்தின் உச்சியில் நின்றால் மட்டும் ஒரு ஊரே அண்ணாந்து பார்க்கும். அதை விட்டுக் கொடுத்துவிட்டு அவன் எங்கே போவான்?

எங்கள் தொழிலில் குரல் கட்டினால் வைத்தியம் இரண்டே. ஒன்று மிளகும் சுக்கும் மெல்லுவது. இன்னொன்று கச்சையை இறுக்குவது. இடுப்பைச் சுற்றி வாத்தியார் கட்டிவிடுகிற பட்டைத் துணிதான் கச்சை. கச்சை இறங்கினால் சுருதி இறங்கும் என்பது வாத்தியாருக்கு அவர் வாத்தியார் சொன்னது. அதனால் ஆளின் முதுகில் முழங்காலை ஊன்றிக்கொண்டு, வைக்கோற்போர் கட்டுகிற மாதிரி இழுத்துக் கட்டுவார். வேதாசலம் தொண்டை கமறக் கமற மிளகை ஏற்றினான். கச்சையை இன்னும் இறுக்கச் சொன்னான். எரிச்சல் இரண்டு மடங்காயிற்று. எரிச்சல் அதிகமானதால் மிளகை மறுபடியும் ஏற்றினான். இதில் சாப்பாட்டுக் கூத்து வேறு. ராத்திரியெல்லாம் பட்டினியாக ஆடிவிட்டு, விடிந்ததும் கூத்து வைத்த வீட்டில் மலை மாதிரி சோற்றைப் போட்டுக்கொண்டு, எழுந்து கை கழுவின ஈரம் காய்வதற்குள் பாயில் மல்லாந்துவிடுவான். எழுந்தால் வாயெல்லாம் புளிப்பு. அதைப் போக்க ஒரு சொம்பு காப்பி.

கன்னியம்மாள் ஒருநாள் மிளகு டப்பாவைப் பிடுங்கி வைத்துக்கொண்டு, "கிளம்பு" என்றாள். துணைக்கு என்னையும் கூட்டிக்கொண்டு, ஜில்லா போர்டு நடத்துகிற லோகல் பண்டு ஆஸ்பத்திரிக்குப் போனாள்.

டாக்டர் சித்தூர்ப் பக்கத்துக்காரர். கூத்து ரசிகர் என்பதால் பயம் காட்டாமல் பேசினார். வேதாசலத்தின் வயிற்றை அமுக்கிப் பார்த்துவிட்டு, மேஜையடியிலிருந்து ஒரு கோலி சோடா பாட்டிலை எடுத்து வைத்தார்.

"இதுல கோலி எதுக்கு இருக்குது?"

"சோடா மேல வராம இருக்குறதுக்குங்க."

"ஆங். உன் வயித்து வாயிலயும் அப்பிடி ஒரு மூடி இருக்குது. சாப்பாடு கீழ எறங்குறப்ப தெறக்கும், அப்புறம் மூடிக்கும். உனக்கு அது கொஞ்சம் தளந்துபோச்சு. நீ இன்னா பண்றே? வயித்த முட்ட ரொப்பிக்கினு, மேலயும் கீழயும் கயிறு போட்டு இறுக்குறே. உள்ள இருக்குற புளிப்புத் தண்ணி எங்க போகும்?"

"மேல வரும்."

"அப்புறம் பாட்டிலப் படுக்க வெச்சிடறே. அது தொண்டைக்கு வந்து அந்த எடத்தப் புண்ணாக்குது. நீ அதுக்கு மேல மிளகக் கொட்றே. அடுப்பு கீழ எரியுது நைனா, நீ மேல கூரைக்குத் தண்ணி ஊத்திக்கினு கீறே."

வேதாசலம் பாட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தான். "இது எப்ப சார் போவும்?"

"முழுசாப் போகும்னு சொல்ல மாட்டேன். மாமியார் மாதிரி. கூடவே இருக்கும். அதுக்குப் பிடிக்காததப் பண்ணாம இருந்தா அது பாட்டுக்கு இருக்கும்."

வேதாசலத்தின் மாமியார் என்றால் என் அம்மா. எனக்கு வருத்தந்தான். ஆனால் உவமை சரியாக இருந்ததால் தலையாட்டிவிட்டேன்.

வெள்ளையாக, சுண்ணாம்புத் தண்ணீர் மாதிரி ஒரு மருந்து கலக்கிக் கொடுத்தார். மருந்தைவிடப் பத்தியம்தான் முக்கியம் என்றார். கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிடு. சாப்பிட்டதும் படுக்காதே. கட்டிலின் தலைமாட்டைத் தூக்கி வை. காரமும் காப்பியும் புகையிலையும் வேண்டாம். இடுப்பைத் தளர்த்து. சோறு முழுங்கும்போது அடைத்தாலோ, ரத்தமாக வாந்தி வந்தாலோ ஒரு நிமிஷம்கூடத் தாமதிக்காமல் வா. இதையெல்லாம் அவர் வேதாசலத்திடம் சொல்லவில்லை, கன்னியம்மாளிடம் சொன்னார். கெட்டிக்காரர்.

அன்றிலிருந்து அவள் ஆட்சி. கட்டிலின் தலைப்பக்கக் கால்களுக்கு அடியில் கருங்கல் வைத்தாள். முதல் நாள் ஆசையில் கல்லைக் கொஞ்சம் அதிகமாக வைத்துவிட்டாள். வேதாசலம் தூக்கத்திலேயே சறுக்கி, வாசற்படியைத் தாண்டி, தெருவில் போய்க் கிடந்தான். விடியற்காலையில் மலைக்குப் போகிற யாத்திரைக்காரர்கள் அங்கப்பிரதட்சணம் பண்ணுகிறவன் என்று நினைத்து அவன் நெற்றியில் விபூதி வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். அதன்பின் கல்லைக் குறைத்தாள்.

குழைந்த சாதம், பாசிப்பருப்பு, பூசணிக்காய். உள்ளங்கையில் அடங்குகிற அளவு போடுவாள். பசித்தால் பிறகு மறுபடியும் போடுவாள். சாப்பிட்டுவிட்டுப் பாயைப் பார்த்தானென்றால் எருமைக் கயிற்றை அவன் கையில் கொடுத்து நந்தியாற்றுப் பக்கம் அனுப்பிவிடுவாள். எருமை கொழுத்தது, அவன் இளைத்தான்.

பால்கார நாயுடு வீட்டுக்கே வந்துவிட்டார்.

"ஏம்மா, மாப்பிள்ளைக்கு இன்னா ஒடம்பு சரியில்லியா? ஒரு வாரமா பாலு பாலாவே கீது."

"ஒடம்பு சரியாகினு வருது, அதான்."

"எனக்கு யாரு உறை ஊத்துவாங்க?"

"வேற நோயாளியப் பாருங்க" என்றாள் கன்னியம்மாள்.

குரல் திரும்பி வந்தது. எருமையைப் பார்த்துத் தபசுப் பாட்டைப் பாடிக் காட்டினான். எருமை நின்று கேட்டது. அது வரைக்கும் சரி. ஆனால் தபசு நாள் நெருங்க நெருங்க இரண்டு சங்கடம் பாக்கி இருந்தது.

ஒன்று கச்சை. நான் வாத்தியாரிடம் போய்ப் பேசிப் பார்த்தேன்.

"டாக்டரு கச்சையத் தளத்தச் சொல்றாரு வாத்தியாரே."

"டாக்டரு எந்த ஜமாவுல ஆடுனாரு?"

நான் திரும்பி வந்துவிட்டேன்.

இரண்டாவது, சாப்பாடு. தபசு அன்றைக்கு அர்ச்சுனன் வேஷம் போட்டவன் மரம் ஏறுவதற்கு முன்னால் கோவில் தெரு முழுக்க வாசல் வாசலாகப் போய் விடைபெற வேண்டும். அன்றைக்கு மட்டும் ஒவ்வொரு வீட்டுக்காரியும் குந்தி. பிள்ளை காட்டுக்குத் தவம் பண்ணப் போகிறதே, பட்டினி கிடக்குமே என்று ஆளுக்கு ஒரு கை ஊட்டுவாள். பொங்கல், மெதுவடை, புளியோதரை, பாயசம், மறுபடி பொங்கல். ஒரு வீட்டில் வாங்கி இன்னொரு வீட்டில் வேண்டாமென்றால் அந்தக் குடும்பத்தோடு மூன்று தலைமுறைக்குப் பேச்சு வார்த்தை கிடையாது. இத்தனையையும் வயிற்றில் அடைத்து, மேலே முழங்காலால் அமுக்கிக் கச்சை கட்டி, அப்புறம் பனைமரம் ஏறிப் பாடு என்றால் கந்தர்வனுக்கும் எதுக்களிக்கும்.

"மச்சான், போன வருசம் மாதிரியே ஆவப்போவுது" என்றான் வேதாசலம். முகம் சுண்டிப் போயிருந்தது. "எல்லப்பனுக்குச் சொல்லி அனுப்பிடலாம்."

"அண்ணா, சாப்பாட்ட நீ பாத்துக்க" என்றாள் கன்னியம்மாள். "கச்சைய நான் பாத்துக்கறேன்."

தபசு நாள் வந்தது. மேளத்தோடு தெருவில் கிளம்பினோம். முதல் வீடு கௌரியம்மாள் வீடு. அந்தம்மாள் பொங்கலை உருட்டி எடுத்துக்கொண்டு வேதாசலத்தின் வாய்க்கு நேராக வந்தபோது நான் குறுக்கே புகுந்து ஒரு கும்பிடு போட்டேன்.

"தாயாரே, அர்ச்சுன மகாராசா நேத்தே விரதத்துல எறங்கிட்டாரு. விரதம் வாய்க்குத்தான், வயித்துக்கு இல்ல. அதனால வயித்தக் கட்டியங்காரன்கிட்டக் குடுத்து வெச்சிகீறாரு. நீங்க இங்க போட்டா அங்க போய்ச் சேந்துடும்."

கௌரியம்மாள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். "உங்கிட்ட ஏற்கெனவே ரெண்டு வயிறு கீதேடா."

"ஒண்ணு என்னுது, ஒண்ணு சம்சாரத்துது. இது மூணாவதும்மா."

தெரு சிரித்துவிட்டது. சிரித்த பிறகு கோபித்துக்கொள்ள முடியாது. அந்தம்மாள் எனக்கு ஊட்டிவிட்டு அர்ச்சுனனின் நெற்றியில் விபூதி வைத்தாள். அதே பேச்சைத் தெரு முழுக்கச் சொன்னேன். தெரு முழுக்கச் சாப்பிட்டேன். கடைசி வீட்டில் பாயசம் குடித்தபோது அது உள்ளே இறங்கவில்லை, ஏற்கெனவே இருந்தவற்றின் மேல் ஏறி உட்கார்ந்தது.

கோவில் பின்புறம் வாத்தியார் கச்சைத் துணியோடு நின்றார். வேதாசலத்தின் முதுகில் முழங்காலை ஊன்றி இழுத்தார். இழுத்தவர் அவன் வயிற்றைத் தட்டிப் பார்த்தார்.

"எளச்சிட்டேன்னு சொன்னாங்க. தொப்ப அப்பிடியே கீதே."

"குந்திங்க ஊட்டுன சோறு வாத்தியாரே" என்றான் வேதாசலம், சோற்றைக் கண்ணால்கூடப் பார்க்காதவன்.

காவி வேஷ்டிக்கும் வயிற்றுக்கும் நடுவில் கன்னியம்மாளின் சும்மாடு இருந்தது. தண்ணீர்க் குடத்துக்கு அடியில் தலையில் வைத்துக்கொள்வதற்கென்று பழந்துணியை வளையமாகச் சுருட்டி வைத்திருப்பார்களே, அதேதான். ஏறினதும் அதை உருவிவிட்டால் அது அடைத்திருந்த அளவுக்குக் கச்சை தளர்ந்துவிடும். முடிச்சு வாத்தியார் போட்டது போட்டபடி இருக்கும். யாரும் கை வைத்ததாக ஆகாது. அந்த யோசனையை எனக்குச் சொன்னபோது, இவளைக் கூத்தில் சேர்க்காமல் விட்டது எங்கள் ஜமாவின் துரதிர்ஷ்டம் என்று தோன்றியது.

மரம் ஏறத் தொடங்கினான். முதல் பாட்டு, இரண்டாம் பாட்டு நன்றாகவே போயின. முந்தின வருஷம் நின்றுபோன முளைக்கு வந்தான். எல்லப்பன் ஆர்.கே.பேட்டையிலிருந்து வந்து, குளித்து, திருநீறு பூசிக்கொண்டு முன்வரிசையில் நின்றிருந்தான். எல்லம்மாள் இந்த வருஷமும் ஈரப்புடவையோடு முந்தானையை விரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வேதாசலத்தின் குரல் லேசாகக் கமறியது. கச்சை வேலையைக் காட்டத் தொடங்கிவிட்டது.

அந்த முளைப் பாட்டை எப்படியோ முடித்துவிட்டு, ஒரு கையால் மரத்தைப் பிடித்துக்கொண்டு மறு கையைக் கச்சைக்குள் விட்டான். உருவினான். சும்மாடு கைக்கு வந்தது. இப்போது அதை வைப்பதற்கு இடமில்லை. பனைமரத்தில் அலமாரியா இருக்கிறது? இந்த ஒன்றை நாங்கள் மூன்று பேரும் யோசிக்கவில்லை. சட்டென்று எறிந்துவிட்டான்.

அது ஆகாயத்தில் சுழன்று சுழன்று வந்து எல்லம்மாளின் மடியில் விழுந்தது.

எல்லம்மாள் அதைத் தூக்கிப் பார்த்தாள்.

"இன்னாய்யா இது. எல்லாருக்கும் பழம் போடுவே, எனக்குச் சும்மாடா?"

வாத்தியாரின் பார்வை மரத்துக்குப் போனது, கச்சைக்குப் போனது, பிறகு என் மேல் வந்து நின்றது. நான் துள்ளிக் குதித்து எல்லம்மாளுக்கு ஒரு நமஸ்காரம் பண்ணினேன்.

"தாயே, உனக்குத்தான் மொத வரம். பிள்ளையத் தலையில தூக்கினு ஊரு போய்ச் சேர வேணாமா? சும்மாடு முன்னால வந்துகீது. பிள்ள பின்னால வந்துகினு கீது."

எல்லம்மாள் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு மடியில் முடிந்துகொண்டாள். பக்கத்திலிருந்த பெண்கள், "எங்களுக்கும் ஒண்ணு போடுய்யா" என்று மேலே பார்த்துக் கூவினார்கள். அதற்குள் மேலே வயிற்றுக்கு மூச்சு வாங்க இடம் கிடைத்துவிட்டது. வேதாசலம் அடுத்த பாட்டை எடுத்தான். நான் எத்தனையோ பேர் பாட்டுக் கேட்டிருக்கிறேன். அந்தக் குரல் மரத்தைவிட்டு ஏறி, மலையில் முருகன் கோவில் மணியைத் தொட, மணி ஒருமுறை தானாக அடித்தது. வெளியே வந்து பார்த்ததாக அர்ச்சகர் பிற்பாடு சொன்னார்.

உச்சிக்குப் போய்விட்டான். இனி பன்றி வர வேண்டும். தவத்தைக் கலைக்கப் பன்றி ரூபத்தில் மூகாசுரன் வருவான். அர்ச்சுனன் அம்பு விடுவான். வேடனாக வந்த சிவனும் அம்பு விடுவார். பன்றி நான்.

மூஞ்சியைக் கட்டிக்கொண்டு நாலு காலில் குனிந்தேன். தெரு முழுவதன் பொங்கலும் வடையும் பாயசமும் வயிற்றில். அப்படி ஒருவன் குனிந்தால் என்ன ஆகும் என்று டாக்டர் பாட்டிலை வைத்துச் சொல்லியிருந்தார். ஆனால் அது வேதாசலத்துக்குச் சொன்னது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். கோலி எனக்கும் உண்டு என்பது அப்போதுதான் தெரிந்தது.

வந்தது.

அந்த ஏப்பத்தில் ஈரப்புடவைகள் ஒரே அடியில் காய்ந்துவிட்டன. கோவில் அரசமரத்துக் காக்கைகள் கிளம்பிப் போய் ஆந்திரப் பக்கம் குடியேறின. வேடன் வேஷக்காரன் வில்லைக் கீழே போட்டுவிட்டான். தூரத்தில் ரயிலடியில் நின்றிருந்த வண்டி கிளம்பிற்று. கார்டு இந்தத் தடவை டீயைக் கையிலேயே எடுத்துக்கொண்டு ஏறியிருந்ததாகக் கேள்வி.

ஜனங்கள் பயந்து ஒரு வட்டம் பின்வாங்கி, அப்புறம் கைதட்டினார்கள் பாருங்கள், எங்கள் ஜமாவுக்கு அப்படிக் கைதட்டல் அதற்கு முன்பு விழுந்ததில்லை. இதுதான் அசுரன் என்றார்கள். மேலே வேதாசலம் சிரிப்பை அடக்கிக்கொண்டு அம்பு விட்டான். நான் நன்றியோடு செத்து விழுந்தேன். அவன் கடைசிப் பாட்டைக் கடைசி வரி வரைக்கும் பாடி முடித்துவிட்டுத்தான் எலுமிச்சம்பழத்தை எறிந்தான்.

எல்லப்பன் முன்வரிசையிலிருந்து விலகி என்னிடம் வந்தான். நல்ல மனுஷன், மச்சான் என்பதைத் தெலுங்கில் பாவா என்றுதான் கூப்பிடுவான். "பாவா, மரம் அவருதுதான். சந்தேகமே இல்ல" என்றான். "ஆனா அந்தப் பன்னி வேசம் காலியானா எனக்கு ஒரு வார்த்த சொல்லு."

மறுநாள் காலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். டாக்டர் என்னைப் பார்த்ததும் மேஜையடியில் குனிந்து பாட்டிலைத் தேடினார். வேண்டாம், எனக்குத் தெரியும் என்று சொல்லிவிட்டு வெள்ளை மருந்தை வாங்கிக்கொண்டு வந்தேன். வீட்டுக்கு வந்தால் கன்னியம்மாள் குறைத்து எடுத்துவைத்திருந்த இரண்டு கருங்கல்லும் என் கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்கு அடியில் இருந்தன.

எல்லம்மாளுக்கு மறு வருஷம் தபசுக்குள் பிள்ளை பிறந்தது. பிறக்கும்போதே உச்சந்தலையில் வட்டமாக ஒரு தடம் இருந்தது, சும்மாடு வைத்த மாதிரி. கனகம்மாசத்திரத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

வேதாசலத்தின் எரிச்சல் போகவில்லை. ஆசைக்கு ஒரு நாள் காரக்குழம்பு சாப்பிட்டால் மறுநாள் நாயுடு கடையில் தயிர் கிடைக்கும். மற்ற நாளெல்லாம் பால்தான். மரம் மட்டும் அவனிடமே இருந்தது. அடுத்த தபசுக்கு வாத்தியார் வழக்கம்போல அவன் முதுகில் முழங்காலை ஊன்றினார். இழுப்பதற்கு முன்னால் ஒரு நிமிஷம் நிறுத்தினார். யார் முகத்தையும் பார்க்கவில்லை.

"சும்மாடு வெச்சாச்சா?" என்று கேட்டுவிட்டு, இழுத்துக் கட்டினார்.